மறைமொழியும் மூன்று உடன்பிறந்தாரும்: ஓர் ஆங்கில நாவலின் திறனாய்வு

மந்திரம் என்பது அதனைச் சொல்வாரின் பிறப்பைப் பற்றி நிற்கும் ஆற்றலா, அன்றிச் சொல்லையே பற்றி நிற்கும் ஆற்றலா என்பது பழைய வினா. தொல்காப்பியர் செய்யுளியலில் யாப்பிற்குரிய நிலங்களை எண்ணுங்கால், பாட்டும் உரையும் நூலும் வைத்த அதே வரிசையில் வாய்மொழியையும் பிசியையும் முதுசொல்லையும் வைத்தார். வாய்மொழி மந்திரத்தைக் குறிப்பதென்பது உரையாசிரியர் கொள்கை. பாட்டி பேரனுக்குப் போடும் விடுகதையும், கிழவர் வாயிற் பிறக்கும் பழமொழியும், நிறைமொழி மாந்தரின் மந்திரமும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தன என்பது அவ்வரிசையால் பெறப்படும். இக்கருத்தை ஆசிரியர் விரித்துரைத்தாரல்லர், வரிசைப்படுத்தியதோடு அமைந்தார். அவ்வரிசையின் உட்பொருள் ஒரு பெருங்கதையாக விரியக்கூடும் என்பதற்கு, தமிழோடு யாதொரு தொடர்புமின்றி அமெரிக்காவில் எழுந்த ஓர் ஆங்கில நாவல் சான்றாகின்றது. அலிக்ஸ் ஈ. ஹாரோ என்னும் பெண் எழுத்தாளர் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'த ஒன்ஸ் அண்ட் ஃபியூச்சர் விட்சஸ்' என்பது அதன் பெயர்.

பெயரைப் பற்றி முதற்கண் ஒன்று கூறல் வேண்டும். 'விட்ச்' என்னும் சொல்லைத் தமிழிற் பெயர்ப்பது எளிதன்று. கட்டுவிச்சி, சாலினி, தேவராட்டி, அகவன்மகள் என நம் பழநூல்களில் வரும் பெயர்களில் இழிவில்லை, அவர் அழைத்து வரப்பெற்றவர், சொற்கேட்கப் பெற்றவர். சூனியக்காரி என்னும் பிற்காலச் சொல்லிலோ அச்சமும் இகழ்ச்சியும் ஒருங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆங்கிலச் சொல்லும் அத்தகையதே ஆதலானும், அவ்விழிவே நாவலின் பொருளாதலானும், சூனியக்காரி என்றே ஈண்டு ஆளப்படுகின்றது. நூற்பெயரின் எஞ்சிய பகுதி ஆர்தர் மன்னன் கதையிலிருந்து வந்தது. முன்னும் அரசன், பின்னும் அரசன் எனப் பொருள்படும் தொடரைத் தலைப்பாகக் கொண்டு டி. எச். ஒயிட் 1958-இல் தம் பெருநாவலை வெளியிட்டார். மீண்டு வருவான் என்று காத்திருக்கப் பெறும் மன்னனுக்குரிய அடைமொழியை, எவரும் மீண்டு வரவேண்டுமென விரும்பாத மகளிர்க்குச் சூட்டியிருப்பதிலேயே ஆசிரியையின் நோக்கம் புலப்படும்.

கதை 1893-ஆம் ஆண்டில், நியூ சேலம் என்னும் கற்பனை நகரில் நிகழ்கின்றது. பழைய சேலம் தன் சூனியக்காரிகளோடு எரிக்கப்பட்டுவிட்டது என்பது நாவலின் அடிப்படை. மெய்யான வரலாறு வேறு: மாசசூசெட்ஸில் 1692-ஆம் ஆண்டில் பத்தொன்பதின்மர் தூக்கிலிடப்பட்டனர், ஒருவர் கற்பாரம் ஏற்றிக் கொல்லப்பட்டார், எரிக்கப்பட்டவர் ஒருவருமிலர். மகளிர்க்கு வாக்குரிமை இல்லை, சூனியம் சட்டத்தால் தடுக்கப்பட்டது, பஞ்சாலையில் உழைப்பவர் பெரும்பாலும் ஏழைப் பெண்கள் என்பது அந்நகரின் நிலை. கிடியன் ஹில் என்பான் நகரத் தலைமைக்குப் போட்டியிட்டுத் தூய்மை என்ற பெயரால் அடக்குமுறையை வளர்க்கிறான். நகர மாந்தரின் நிழல்கள் அவனுக்கு ஒற்றராகின்றன. இவ்வகை நாடுகளை மேலைத் திறனாய்வாளர் 'டிஸ்டோப்பியா' என்பர். தாமஸ் மோர் 1516-இல் படைத்த இலட்சிய நாட்டிற்கு நேர்மாறானது அது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1868-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அச்சொல்லின் அடியை வழங்கியுள்ளார். தமிழில் தீநாடு எனலாம்.

தந்தையின் கொடுமைக்கு அஞ்சிச் சிதறிய மூன்று உடன்பிறந்தார் இந்நகரில் மீண்டும் கூடுகின்றனர். மூத்தவள் பியாட்ரிஸ் பெல்லடோனா நூலகத்தில் பணிபுரிபவள். நடுவள் ஆக்னஸ் அமராந்த் ஆலைத் தொழிலாளி, கருவுற்றிருப்பவள். இளையவள் ஜேம்ஸ் ஜூனிப்பர், தந்தையைக் கொன்றுவிட்டு ஓடிவந்தவள். ஒவ்வொருத்திக்கும் இரு பெயர். முதற்பெயர் தந்தை இட்டது. இரண்டாவது தாய் இட்டது. ஆண்மகவை எதிர்நோக்கிய தந்தை கடைசிப் பெண்ணுக்கு ஜேம்ஸ் என்றே பெயரிட்டுவிட்டான். தாய் இட்டவையோ மூன்றும் செடிகொடிகளின் பெயர்கள். உலகறிந்த பெயரும் உள்ளுறை பெயருமாக ஒரு பெண் இருவேறு வாழ்வு வாழ்கிறாள் என்பதை விளக்க ஆசிரியை ஓர் அதிகாரமும் எழுதவில்லை. பெயரிடும் வழக்கம் ஒன்றைக் காட்டியே முடித்துவிட்டார். நாவலின் நயங்களுள் இதனைத் தலையாயதாகக் கொள்வேன்.

இனி, மறைந்த மாயத்தின் தோற்றம் பற்றிய பகுதிக்கு வருவோம். இந்நாவலில் மந்திரம் பலிக்க மூன்று வேண்டும்: சொல், செய்முறை, மனவுறுதி. சொல்லும் செய்முறையும் பழங்காலத்தில் நூல்களில் இருந்தன. நூல்கள் எரிக்கப்பட்டபின் அவை தாலாட்டிலும் விளையாட்டுப் பாட்டிலும் பாட்டிமார் கதையிலும் புகுந்து ஒளிந்துகொண்டன. ஏடறிந்தோர் பொருட்படுத்தாத இடம் எதுவோ அதுவே காப்பிடமாயிற்று. கொடுங்கோலன் நூலகத்தைத் தேடி எரிப்பான். தொட்டிலருகே பாடும் பாட்டை அவன் காதிற் போட்டுக்கொள்வதில்லை. இக்கருத்து எளிமையானது, ஆயின் அதனுள் ஆழ்ந்த இலக்கியக் கொள்கை ஒன்று உளது. செவ்விலக்கியம் எனப்படுவதும் சிற்றிலக்கியம் எனக்கூட எண்ணப்பெறாததும் தம்முள் வேறுபடுவது தரத்தாலன்று, காவலால் என்பதே அது. ஏட்டிலிருப்பதைக் காக்க அரசும் கோயிலும் கல்லூரியும் வேண்டும். வாயிலிருப்பதைக் காக்க இன்னொரு வாயே போதும்.

இதனோடு ஒப்பிடத்தக்கது ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட '1984' என்னும் நாவல். அதிலும் ஒரு குழந்தைப் பாட்டு வருகின்றது. லண்டன் தேவாலயங்களின் மணியோசை பற்றிய அப்பாட்டின் தொடக்கத்தைப் பழம்பொருட் கடைக்காரனிடம் கேட்ட வின்ஸ்டன், எஞ்சிய அடிகளைத் துண்டு துண்டாகச் சேர்க்கின்றான். அழிக்கப்பட்ட உலகம் ஒன்று அப்பாட்டின் வழியாகத் தன்னிடம் வந்துசேர்வதாக அவனுக்கு ஒரு நம்பிக்கை. ஆயின் அடிகளை நிரப்பியவருள் ஒருவன் அவனை வதைக்கப்போகும் ஓ'பிரையன். தொடங்கி வைத்த கடைக்காரன் சிந்தனைக் காவலன். வின்ஸ்டன் பிடிபடும் நேரத்தில் கடைசி அடிகள் அவன் காதில் விழுகின்றன. மக்கள் நினைவில் எஞ்சிய சிறு பாட்டையும் கொடுங்கோல் தன் கண்ணியாக்கிக்கொள்ளும் என்பது ஆர்வெல்லின் முடிவு. மார்கரெட் அட்வுட் 1985-இல் வெளியிட்ட 'த ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அதில் எழுத்தறியத் தடையுண்ட பெண் ஒருத்தி, தனக்கு முன் அவ்வறையில் வாழ்ந்தவள் அலமாரிக்குள் கீறிவைத்த சொற்களைக் காண்கிறாள். பொருள் தெரியாமலே அவை அவளுக்கு உறுதி தருகின்றன. பின்னரே அது பள்ளிச் சிறுவரின் போலி இலத்தீன் வேடிக்கை என்பது தெரியவருகிறது; அதனைச் சொல்பவனும் அவளை ஆளும் தலைவனே. எனினும் சொற்கள் கொடுத்த உறுதி முற்றும் பொய்த்துவிடவில்லை. அட்வுட் தம் நூலைப் படைத்தளித்த இருவருள் ஒருவர் மேரி வெப்ஸ்டர். பதினேழாம் நூற்றாண்டு மாசசூசெட்ஸில் சூனியக்காரி எனத் தூக்கிலிடப்பட்டும் சாகாது பிழைத்தவர்.

ஹாரோ இவ்விருவரினும் நம்பிக்கை மிக்கவர். அவர் கதையில் பாட்டு உண்மையாகவே திறவுகோல். நம்பிக்கை மிக்கவராதலால் ஆழம் குறைந்தவர் எனக் கூறிவிடலாகாது. ஆர்வெல்லின் வின்ஸ்டன் தனியன். பாட்டை அவன் ஆடவர் இருவரிடமும் காதலியிடமும் கேட்டுப் பெறுகின்றான், தாயிடம் பெறவில்லை. ஹாரோவின் மகளிர் பாட்டியிடம் பெற்றதைத் தங்கையிடம் சரிபார்க்கின்றனர். ஒருத்திக்கு ஓரடி மறந்திருக்க மற்றொருத்திக்கு அது நினைவிருக்கின்றது. பாடபேதம் பார்த்து மூலபாடம் காணும் நம் பதிப்பாசிரியர் தொழில்தான் இது. ஏட்டிற்குப் பதிலாக உடன்பிறந்தாரின் நினைவு நிற்கிறது.

இவ்விடத்தில் நாவலுக்கு எதிராக ஒரு தடை எழுப்பப்படலாம். குழந்தைப் பாட்டுகளில் மறைபொருள் புதைந்திருக்கிறது என்பது வரலாற்று ஆய்வினர் ஏற்பதன்று. கைகோத்து வட்டமாடி விழும் ஆங்கிலப் பாட்டொன்று கொள்ளை நோயைக் குறிக்கும் என்று பலரும் சொல்வர். அப்பாட்டு இங்கிலாந்தில் அச்சேறியது 1881-இல். கொள்ளைநோய் விளக்கம் பரவியதோ இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில். 1951-இல் குழந்தைப் பாட்டகராதி வெளியிட்ட அயோனா, பீட்டர் ஓபி இணையர் இத்தகைய விளக்கங்களை ஐயத்தோடே நோக்கினர். அவ்வாறே ஐரோப்பியச் சூனியக்காரிகள் பழஞ்சமயம் ஒன்றின் எச்சம் எனத் மார்கரெட் மர்ரே 1921-இல் எழுதிய கொள்கையும் வரலாற்றறிஞரால் கைவிடப்பட்டது. கொல்லப்பட்டவர் தொகை பற்றியும் அவ்வாறே. தொண்ணூறு இலட்சம் என்னும் எண் பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானியர் ஒருவரின் பிழைக்கணக்கிலிருந்து பரவியது. இன்றைய ஆய்வாளர் பெரும்பாலும் கொள்ளும் தொகை 40,000 முதல் 60,000 வரையே. அவருள் ஆடவரும் உளர். ஐஸ்லாந்தில் எரிக்கப்பட்டோர் பெரும்பாலும் ஆடவர்.

தடை வலியதே. ஆயினும் அது நாவலை வீழ்த்தவில்லை. அதற்குக் காரணம் 1893 என்னும் ஆண்டில் உளது. அமெரிக்க வாக்குரிமைப் போராளிகளுள் ஒருவரும், அவ்வியக்க வரலாற்றின் முதல் மூன்று தொகுதிகளை ஸ்டான்டன், அந்தோனி ஆகியோருடன் தொகுத்தவருமாகிய மட்டில்டா ஜோஸ்லின் கேஜ் அவ்வாண்டிலேதான் 'பெண், திருச்சபை, அரசு' என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். சூனியக்காரி எனக் கொல்லப்பட்ட மகளிர் தம் காலத்தின் அறிவுடையோர் என்பதும், திருச்சபை அஞ்சியது அவர்தம் அறிவையே என்பதும் அந்நூலின் வாதங்களுள் சில. தொண்ணூறு இலட்சம் என்னும் தொகையையும் அவர் எடுத்தாண்டார். அவர் மருமகன் பிராங்க் பாம் 1900-இல் வெளியிட்ட 'ஓஸ்' கதையில் நல்ல சூனியக்காரியும் வருவது அறிஞர் சுட்டிய செய்தி. ஆகவே வாக்குரிமை கேட்ட பெண்ணும் சூனியக்காரியும் ஒருத்தியே என்னும் எண்ணம் 2020-இல் பிறந்த கற்பனையன்று. 1893-இல் மெய்யாகவே ஒரு போராளியின் மனத்தில் இருந்த எண்ணம். கேஜின் நூலை மனத்துட்கொண்டே ஹாரோ ஆண்டைத் தெரிந்தார் என நிறுவ வேண்டுவதில்லை. வரலாறாகக் கொண்டால் தவறாகும் ஒன்று, வரலாற்று மாந்தர் சிலரின் கனவாகக் கொண்டால் உண்மையாகும். கேஜ் அதனை வரலாறென எழுதினார். ஹாரோ கதையென எழுதினார். இருவருள் கதை எழுதியவரே தம் பொருளுக்கேற்ற வடிவத்தைத் தெரிந்தவர்.

அவ்வாண்டில் நியூசிலாந்து மகளிர் வாக்குரிமை பெற்றனர். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஆடவர் வாக்களித்து அதனை வழங்கினர். நாடு முழுமைக்குமான திருத்தம் வந்தது 1920-இல். நாவல் வெளிவந்தது அதன் நூற்றாண்டில்.

மறைந்த தோற்றம் பற்றிய கதைகள் அண்மைக்காலத்தில் மிகப்பல. அவற்றுட் பெரும்பாலானவை மந்திர ஆற்றலைக் குருதியில் வைப்பன. ஜெசிக்கா ஸ்பாட்ஸ்வுட் எழுதிய 'பார்ன் விக்கெட்' (2012) முதலான மூன்று நாவல்கள் இதற்கு நல்ல சான்று. அங்கும் மூன்று உடன்பிறந்தார். அங்கும் மாற்றியமைத்த நியூ இங்கிலாந்து. சகோதரர் அவை என்னும் சமயக் குழு மகளிரை அடக்கி ஆள்கின்றது. தாயின் நாட்குறிப்பால் மூத்தவள் ஒரு வருவதுரைத்தலை அறிகின்றாள்: மூன்று சகோதரியர் சூனியக்காரிகளாவர், ஒருத்தி பேராற்றல் உடையவள், ஒருத்தி மற்றொருத்தியைக் கொல்வாள். கதையோட்டம் விரைவுடையது. படிக்கத் தொடங்கினால் நிறுத்தல் அரிது. ஆயின் அங்கே பிறப்பே எல்லாம். பிறவாதவளுக்கு அங்கே இடமில்லை. அவள் ஒன்று பாதுகாக்கப்பட வேண்டியவள், அன்றேல் பகை. அடக்குமுறையை எதிர்க்கும் நாவல், குலப்பிறப்பால் உயர்வு என்னும் கொள்கையை வேறு வாயிலால் உள்ளே விட்டுவிடுகின்றது.

ஹாரோ இவ்விழுக்கிலிருந்து தப்பினார். நியூ சேலத்தில் சொல்லும் செய்முறையும் கற்ற எவளும் சூனியக்காரி ஆகலாம். ஆலைப்பெண்கள், சலவைப்பெண்கள், நாடு பெயர்ந்து வந்தவர்கள் ஆகியோரிடம் சகோதரியர் சென்று கேட்கும்போது, ஒவ்வொருத்தியும் தன் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த ஏதேனும் ஒரு சிறு மந்திரத்தை வெட்கத்தோடு எடுத்து வைக்கிறாள். இது தனக்கு மட்டுமே தெரிந்த சிறுமை என்று ஒவ்வொருத்தியும் எண்ணியிருந்தாள். எல்லார் கையிலும் ஒன்று இருந்தது என்று தெரியவரும் பகுதி நாவலின் உயிர்நிலை. ஆடவர்க்கும் மகளிர்க்கும் வெவ்வேறு மந்திரம் என்னும் வேலியும் கதைப்போக்கில் உடைகின்றது. வில்லனும் பிறர்போலக் கற்றவனே. காட்டில் கைவிடப்பட்ட அண்ணனும் தங்கையும் சூனியக்காரியின் வீட்டை அடைந்த பழங்கதையை ஆசிரியை திருப்பி அமைத்து, அவ்வண்ணனே பல பிறவிகள் கடந்து இன்று ஹில் என்னும் பெயரில் நடமாடுகிறான் என்கிறார். அவனுக்கும் ஓர் உடன்பிறந்தாள் இருந்தாள் என்பது கருதற்பாலது.

கிரிம் உடன்பிறந்தார் கதைத்தொகுதியை இவ்வுலகில் தொகுத்தவர் சகோதரியர் என ஆசிரியை மாற்றிவிட்டார். வேடிக்கையாகத் தோன்றும் இம்மாற்றத்துள் ஒரு நீதி உண்டு. யாக்கோபு, வில்ஹெல்ம் கிரிம் 1812-இலும் 1815-இலும் வெளியிட்ட தொகுதிகளுக்குக் கதை சொன்னவருள் பலர் பெண்கள். தையற்காரர் மனைவி டோரதியா ஃபீமன் அவருள் புகழ்பெற்றவர். பெண்கள் சொன்னதை ஆடவர் எழுதினர், எழுதியபின் திருத்தினர். ராப்பன்சல் கருவுற்றமை வெளிப்படும் குறிப்பு பின்வந்த பதிப்பில் நீக்கப்பட்டது. ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விடத்தூண்டிய பெற்றதாய் பிற்பதிப்பில் மாற்றாந்தாய் ஆனாள். மாற்றார் எரித்தலால் மட்டுமன்றி நண்பர் திருத்தலாலும் வாய்மொழி அழியும். இவ்வுண்மையை நாவல் இன்னும் விரித்திருக்கலாம். கதைகளைத் திருப்பிச் சொல்லும் அதிகாரங்கள் இடையிடையே வருகின்றன, அவை சுவையுடையன, ஆயினும் தொகுப்போர் கையிலும் ஒரு கத்தரிக்கோல் உண்டு என்பதை அவை தொட்டுக்காட்டுவதோடு நின்றுவிட்டன.

உடன்பிறந்தாரின் உறவை வரைந்த திறம் தனியே பேசத்தக்கது. மூவரும் ஒருவரையொருவர் நேசிப்பவர் என்று தொடங்கியிருந்தால் கதை சப்பென்றிருக்கும். அவர்கள் கசப்போடு கூடுகின்றனர். மூத்த இருவரிடையே காட்டிக்கொடுத்தல் என்னும் பழைய புண் ஆறாதுள்ளது. தந்தையின் அச்சுறுத்தலில் ஒருத்தியின் மறைவு மற்றொருத்தியால் வெளிப்பட்டது. இளையவளுக்கோ, தன்னை அவ்வீட்டில் விட்டு இருவரும் போய்விட்டனர் என்னும் சினம். கொடுங்கோல் ஆட்சி முதலில் கற்பிப்பது காட்டிக்கொடுத்தலை; அதற்குப் பள்ளி நகரமன்று, வீடு. தந்தை ஆண்ட வீடும் ஹில் ஆளும் நகரும் ஒரே இலக்கணத்தால் இயங்குவன என்பதை நாவல் வாய்விட்டுச் சொல்லாமலே உணர்த்துகின்றது. மன்னிப்பும் ஒருநாளில் வருவதன்று. ஆக்னஸ் பலமுறை விலகுகிறாள். வயிற்றுப்பிள்ளையைக் காக்கும் கடமை போராட்டத்தினும் பெரிதென்கிறாள். அவள் கூற்றில் நியாயம் இருப்பதை ஆசிரியை மறைக்கவில்லை.

குறைகளுக்கு வருவோம். சகோதரியர் கன்னி, தாய், கிழவி என்னும் மூன்று நிலைகளுக்கு ஈடாக நிறுத்தப்படுகின்றனர். இம்முப்பிரிவு தொன்மையான மகளிர் சமயத்தின் சின்னம் எனக் கருதுவார் பலர். இன்று வழங்கும் வடிவில் அதனைப் பரப்பியவர் ராபர்ட் கிரேவ்ஸ் என்னும் ஆங்கிலக் கவிஞர். பரப்பிய நூல் 1948-இல் வெளிவந்த 'த ஒயிட் காடஸ்'. மகளிர்க்குரிய மறைந்த மூலத்தைத் தேடிப் புறப்பட்ட நாவல் கண்டடைந்த மூலம், இருபதாம் நூற்றாண்டின் ஆடவக் கவிஞர் ஒருவரின் வரைவு என்பது நகைமுரண். ஒருத்தி ஒன்றே ஆகவேண்டுவதில்லை, மூன்றும் ஆகலாம் என்று நாவல் பின்னர்த் தளர்த்துகின்றது. அதனால் குறை பாதி தீர்கின்றது.

பெரிய குறை ஹில்லினுடையது. நகரின் தீமை அனைத்தும் பல நூற்றாண்டாக உயிர்வாழும் ஒருவனிடத்தில் குவிக்கப்படுகின்றது. கூட்டம் வெறிகொண்டு எழும்போது பெரும்பாலும் அவன் நிழல்களே அதனை ஆட்டுகின்றன. இதனால் கதைக்கு விறுவிறுப்பு உண்டாகிறது. ஆனால், அண்டை வீட்டான் தன் அண்டை வீட்டாளைக் காட்டிக்கொடுத்தது தன் விருப்பத்தாலா, நிழலாலா? சேலத்தில் 1692-இல் சான்றுரைத்தவர்க்கு நிழல் தேவைப்படவில்லை. நிலத்தகராறும் பழம்பகையும் அச்சமும் போதுமானவையாயிருந்தன. அங்குத் தண்டிக்கப்பட்ட எலிசபெத் ஜான்சன் என்னும் பெண்ணின் மேலுள்ள தீர்ப்பை நீக்க அம்மாநிலத்திற்கு 2022 வரை ஆயிற்று. அத்தனை காலமும் அதனைத் தாங்கி நின்றது எந்த மாயமும் அன்று, கவனமின்மை. ஆலை முதலாளியின் பேராசைக்கும், வாக்குரிமைச் சங்கத்து உயர்குடிப் பெண்டிரின் தயக்கத்திற்கும் ஹில் காரணனல்லன் என நாவலுக்கே தெரியும். முற்பகுதியில் அவற்றைச் செவ்வனே காட்டியும் இருக்கின்றது. பிற்பகுதியிலோ மாயப்போர் அவற்றை விழுங்கிவிடுகிறது.

கருப்பின மகளிர் பகுதியும் இத்தகையதே. கிளியோபாத்ரா குவின் என்னும் பத்திரிகை எழுத்தாளரும், அவர் சார்ந்த டிட்யூபாவின் மகளிர் என்னும் மறைவுச் சங்கமும் இக்கதையில் வருகின்றன. டிட்யூபா சேலம் வழக்கில் முதலில் குற்றஞ்சாட்டப்பட்ட மூவருள் ஒருவராகிய அடிமைப்பெண். சகோதரியர் தேடி அலைவதில் ஒரு பங்கு இவர்களிடம் முன்னமே இருக்கின்றது; அவர்கள் அதனைக் காத்து வந்தவர். வெள்ளைப் பெண்களின் சங்கம் அவர்களை வாயிலில் நிறுத்துவதை ஆசிரியை நேர்மையோடு வரைந்தார். மெய்வரலாற்றிலும் 1913-ஆம் ஆண்டு வாஷிங்டன் ஊர்வலத்தில் கருப்பினப் பெண்கள் பின்வரிசைக்குப் போகுமாறு கூறப்பட்டதும், ஐடா பி. வெல்ஸ் அதற்கு இணங்காததும் அறிந்தனவே. ஆயினும் கதையின் நடுவிடம் ஈஸ்ட்வுட் குடும்பத்துக்கே உரியதாயிற்று. பியாட்ரிஸ் குவினிடம் கொள்ளும் காதல் மென்மையாக எழுதப்பெற்றது. ஆனால் குவினின் பார்வையில் ஒரு நாவல் எழுந்திருந்தால் மறைமொழி பற்றிய இக்கதை வேறு வலிமை பெற்றிருக்கும் என்னும் எண்ணம் தவிர்க்க இயலாதது.

அவலான் என்னும் மறைந்த கோபுரத்தைப் பற்றிக் கூறாமல் இருத்தல் கூடாது. மகளிரின் பழைய நூல்கள் அனைத்தும் அங்குச் சேமிக்கப்பட்டுள்ளன; சகோதரியர் அதனை மீட்கின்றனர். நூலகத்தைக் கண்டதும் வாய்மொழியின் மதிப்பு குறைந்துபோமோ என்னும் ஐயம் படிப்பார்க்கு எழும். வாயிலிருந்தது வெறும் எச்சம், மெய்யானது ஏட்டிலேயே இருந்தது என்றாகிவிடுமன்றோ? ஆசிரியை இவ்விடரை உணர்ந்தார் போலும். மீட்ட நூலகம் பகைவனால் எரிக்கப்படுகின்றது. பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953) நூலில் நூல்களை மனப்பாடம் செய்து காப்பவர் தனித்தனியே ஒவ்வொரு நூலாக நடமாடுவர். இங்கே எவரும் முழுநூல் ஆகவில்லை. நகரத்துப் பெண்கள் தம்மிடமுள்ள ஒவ்வோரடியையும் கொண்டுவந்து கொடுக்க, மூத்தவளும் குவினும் அவற்றைத் தொகுக்கும் பணியை மேற்கொள்கின்றனர். இளையவளோ தீயில் நின்று ஹில்லின் நெடிய வாழ்வை முடிக்கின்றாள். அவள் உயிர் அக்கோபுரத்தோடு பிணைந்து நிற்கின்றது. அவள் முடிவு படிப்பவர் நெஞ்சை உருக்குவது. எனினும் பெண் எரிந்தால்தான் கதை நிறைவெய்தும் என்னும் பழைய கதைமரபிலிருந்து நாவல் வெளியேறவில்லை என்று கூறுவாரும் இருப்பர். அவர்க்கு மறுமொழி எளிதன்று.

இந்நூலைத் தமிழிற் பெயர்க்க முனைவார்க்கு ஒரு சொல். ஆங்கிலக் குழவிப் பாட்டுகளில் ஓரிரு சொற்களை மாற்றியே இதன் மந்திரங்கள் அமைந்துள்ளன. அப்பாட்டை மூன்று வயதிலேயே கேட்டவன் செவியில் மாறிய சொல் சுருக்கெனத் தைக்கும். நம் மாணவர் பலர் அவற்றைப் பள்ளியிற் கற்றவராயினும், தாய் மடியில் கேட்டவரல்லர். அம்புலியை அழைக்கும் பாட்டும் மழையைப் போகச் சொல்லும் பாட்டும் சாய்ந்தாடும் பாட்டும் அவ்விடத்தில் வைக்கப்பெறின் நியூ சேலம் காவிரிக்கரைக்கு வந்துவிடும், அது பொருந்தாது. பொருளை அப்படியே வைத்து, நம் குழவிப் பாட்டின் தாளத்தை மட்டும் கடன் கொள்வதே தக்கது என்பது என் கருத்து. அதிகாரந்தோறும் முகப்பில் பாட்டும், அதன் கீழ் இன்னதற்கு இம்மந்திரம், இன்னின்ன பொருள் வேண்டும் என்னும் உரைக்குறிப்பும் உள. அக்குறிப்புகளுக்கு நடை தேடி அலைய வேண்டுவதில்லை. நோயும் மருந்தும் அளவும் செய்முறையும் இரண்டு வரியில் அடக்கி எழுதிய கைவைத்தியக் குறிப்பேடுகளின் நடை அதற்கு முற்றும் பொருந்தும்.